ஐந்து புள்ளிக் குடம்

வலையில் சிக்கியிருந்த குடத்தை உருவி எறியப் போனவள், ஓங்கிய கையோடு நின்றுவிட்டாள்.

குடத்தின் கழுத்துக்குக் கீழே ஐந்து புள்ளிகள். சூட்டுக் கம்பியால் வைத்த புள்ளிகள். அவற்றின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு, உருக்கி மெழுகிய ஒரு பொட்டு.

அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

முந்தாநாள் நகரத்தில் நல்ல மழை. மழை பெய்தால் போதும், அடையாறு கடலுக்குச் சீர்வரிசை எடுத்து வந்துவிடும். பால் கவர், ஒற்றைச் செருப்பு, மாத்திரை அட்டை, தலையில்லாத பொம்மை. தெருவில் போட்டது சாக்கடைக்கு, சாக்கடையில் விழுந்தது ஆற்றுக்கு, ஆறு கொண்டுவந்தது முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கு. கடல் மட்டும் இளிச்சவாயா என்ன? பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் தேசப்பனின் வலையில் கட்டி அனுப்பிவிடும்.

தேசப்பன் அவள் புருஷன். அவன் கொண்டுவருவதில் மீன் கால், குப்பை முக்கால்.

அதைப் பிரிப்பது அவள் வேலை. நான்கு வருடமாகப் பிரிக்கிறாள். கை வேலை செய்ய, வாய் ஊரையே திட்டிக்கொண்டிருக்கும்.

இன்று குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் பிறந்த வீடு சைதாப்பேட்டையில், இதே ஆற்றின் கரையில். அந்தச் சந்தில் தண்ணீர் லாரி வந்தால் ஆளுக்கு ஒரு குடம்தான். எல்லாம் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் குடங்கள். எது யாருடையது என்று குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். அதனால் ஆளுக்கு ஒரு அடையாளம் சுட்டு வைப்பார்கள். அப்பாவுக்கு ஒரு கோடு. அம்மாவுக்கு இரண்டு.

பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கோடு போதவில்லை. பூ வேண்டியிருந்தது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சுற்றிலும் ஐந்து புள்ளி வைத்தாள். நடுப் புள்ளி வைக்கும்போது சந்தோஷத்தில் அழுத்திவிட்டாள்.

குடம் ஓட்டை.

அம்மா கரண்டியைச் சுடவைத்து, ஓரத்தை உருக்கி இழுத்து, ஓட்டையை அடைத்தாள். அடைத்து முடிக்கும்வரை திட்டினாள். முடித்த பிறகும் திட்டினாள். சந்தே கேட்டது.

அந்தக் குடமா இது?

ஒட்டியிருந்த மணலைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபக்கம் எழுத்து தெரிந்தது. முத்துமாரியம்மன் ஆடித் திருவிழா, இருபத்தெட்டாம் ஆண்டு.

போன வருடத் திருவிழா. கோயிலில் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் இது அவள் சுட்ட குடம் இல்லை.

அவள் தேசப்பனோடு கிளம்பி வந்தது இருபத்தைந்தாம் ஆண்டுத் திருவிழாவில். ஒலிபெருக்கி அலறிய அலறலில் கதவு திறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் போன் செய்தாள். அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"எனக்குப் பொண்ணே பொறக்கல."

அதன் பிறகு பேச்சு இல்லை. ஒரு திட்டுகூட இல்லை. அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். நான்கு வருடத்தில் அவள் போகவில்லை. குடம் இரண்டே நாளில் வந்து சேர்ந்துவிட்டது.

மழையில் ஆற்றோரத்து ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தேசப்பன் நேற்றே விசாரித்துச் சொல்லியிருந்தான். வாசலில் வைத்த குடத்தை மட்டும் தண்ணீர் உருட்டி வந்திருக்கும்.

குடத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வாய்க்குள் கையை விட்டு, அந்தப் பொட்டுக்கு நேர் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

வழவழவென்றிருந்தது. ஓட்டை விழுந்த சுவடே இல்லை.

மறுபடியும் தடவினாள்.

விழாத ஓட்டையை அம்மாவைத் தவிர யார் அடைப்பார்கள்?

சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. கண்ணில் நீர் வேறு. அக்கம்பக்கத்து வலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

குடத்தைக் கடலில் அலசினாள். பிறகு நல்ல தண்ணீரில் அலசினாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதுவும் அம்மா சொல்லித் தந்ததுதான். அன்று விழுந்த சங்கரா மீனில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் விட்டாள். மேலே ஐஸ் துண்டுகளைப் போட்டாள்.

தேசப்பன் வலையைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். புள்ளிகளைப் பார்த்தான். அந்தப் பூவின் கதை அவனுக்குத் தெரியும்.

"தண்ணிக் கொடத்துல எவனாச்சும் மீனு போடுவானா? கவுச்சி ஜென்மத்துக்கும் போவாது. உங்கம்மா உன்னக் கிழிகிழின்னு கிழிக்கப் போவுது, பாரு."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். நாலடி போனதும் நின்று, திரும்பினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"கிழிக்கும்ல?"