டயர் மாற்றினால்தான் கடல்

"பாவம் அந்தப் பொண்ணு! ஊருக்குக் கிளம்புற நேரத்துல டயரைக் கழட்ட வைக்கறாளே, இவளெல்லாம் ஒரு மாமியாரா?"

மேல்மாடி பால்கனியில் யாரோ சொன்னது கீழே நன்றாகவே கேட்டது.

மாமியாருக்கும் கேட்டிருக்கும். காருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ம், நட்டை லூஸ் பண்ணு. அப்புறம்தான் ஜாக்கி."

மருமகள் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினாள். நட்டு அசையவில்லை. கல்யாணமாகி முதல்முறையாகக் கடல் பார்க்கப் போகிறாள். அவள் கையால் டயரை மாற்றினால்தான் கார் கிளம்பும் என்று மாமியார் அடித்துச் சொல்லிவிட்டார்.

"ஆயில் பார்த்தாச்சு, பிரேக் பார்த்தாச்சு. இதெல்லாம் எதுக்கும்மா?" என்றான் மகன்.

"ஸ்டெப்னி டயரைப் பார்த்தியா?"

"அது உள்ளதானே இருந்துச்சு..."

"அது இருந்துச்சு. அதுல காத்து இருந்துச்சா? நான் சொன்னப்புறம்தானே காத்தடிக்க உருட்டிக்கிட்டு ஓடினே?"

மகன் வாட்சைப் பார்த்தான். "நகரு, நானே மாத்திடறேன்" என்று குனிந்தான்.

"தொட்டே, பயணமே கேன்சல்!"

தொடவில்லை.

"அத்தை, கை வலிக்குது. முடியல."

"கை வலிச்சா கால் இல்லையா? தினம் ஆபீசுக்குக் கார் ஓட்டறவதானே? ஸ்பேனர் மேல ஏறி நில்லு."

ஏறி நின்றாள். 'கடக்'கென்றது. நட்டு இளகிவிட்டது.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கார் உயர்ந்தது, பழைய டயர் கழன்றது, ஸ்டெப்னி உட்கார்ந்தது. "எதிரெதிரா முடுக்கு" என்று மாமியார் சொல்லி முடிப்பதற்குள் முடுக்கியே விட்டாள். நெற்றியெல்லாம் கிரீஸ். முகமெல்லாம் சிரிப்பு.

பால்கனியில் யாரோ கை தட்டினார்கள்.

"சரி சரி, ஏறுங்க. இப்பவே லேட்டு. வழியில எங்கேயும் நிறுத்த மாட்டேன்" என்று மகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

"இறங்குடா" என்றார் மாமியார்.

"ஏம்மா?"

"போறது நாங்க ரெண்டு பேர்தான்."

"நான் இல்லாமலா? நடுவழியில பஞ்சரானா..."

மகனின் பார்வை அவள் மாற்றி முடித்திருந்த டயர்மேல் போனது.

"உங்கப்பா ஓட்டினார், அவர் நிறுத்தின இடத்துல இறங்கினேன். நீ ஓட்டினே, நிறுத்தவே இல்லை. டீ குடிக்கணும்னாலும் சரி, பாத்ரூம் போகணும்னாலும் சரி, 'இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா!' இந்தத் தடவை தோணின இடத்துல எல்லாம் நிறுத்தப் போறோம். சாப்பாடு பிரிட்ஜ்ல இருக்கு. சூடு பண்ணத் தெரியும்ல?"

மகன் இறங்கினான்.

"அத்தை... ஹைவேயில நானா?"

மாமியார் சாவியை அந்த கிரீஸ் கையில் வைத்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.