மேல ஓடை அயிரை

ஆவுடை கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். அரசு அவள் பொறுப்பில் விட்டிருந்த தொட்டியில் மேல ஓடை அயிரை மீன். அடுத்த தெருவில் கணவன் மாசானத்தின் தொட்டியில் கீழ ஓடை அயிரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓடைகள் வற்றிய பிறகு அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. இரண்டு வம்சமும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, வளர்ப்பவர் தம் மீனை விட்டுப் போகவும் கூடாது என்பது சட்டம்.

பொங்கலன்று மாசானம் ஒரு தூக்குவாளியை மூடிக் கொண்டுவந்தான். உள்ளே அவன் வீட்டு மீன் இரண்டு.

"போட்டுரட்டா?" என்றான்.

ஆவுடை தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

ஆடியில் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா தொட்டிக்குள் கருவியை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் கலந்துபோச்சும்மா. மேல ஓடை வம்சம் இத்தோட முடிஞ்சுது. இனிமே இந்த மீனு எங்களுக்கு வேண்டாம்."

வாசலில் ஒட்டியிருந்த அரசு வில்லையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆவுடை துணிமணியைப் பையில் அடுக்கினாள்.

"இந்த மீன என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா.

"கொழம்பு வச்சுக் குடும்மா. மொத மொத குடும்பம் நடத்தப் போறேன், வெறுங்கையோடயா போக?"

அம்மா புளியை ஊறப் போட்டாள்.