மலையிலிருந்து வந்த லட்டு

திருப்பதியிலிருந்து வந்து இறங்கிய கையோடு நாகம்மா, கொழுந்தன் சிவராஜ் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஒரு கையில் லட்டுப் பொட்டலம், மறுகையில் கழுத்தோடு இறுக்கிப் பிடித்த முக்காடு. சூளகிரி தொழிற்பேட்டைக் கூரைகளுக்குப் பின்னால் வெயில் சாய்கிறது. அந்தக் கூரைகளுக்கு அடியில் போன நிலத்தின் பங்குத் தகராறில்தான் அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதை விட்டார்கள். நிலைப்படியை அடைத்து நிற்கிறவன் வாங்க என்று சொல்லவில்லை.

"பெருமாள் பிரசாதம், தம்பி. வேணாங்காத."

வேறு எதுவானாலும் மறுத்திருப்பான்; அது அவளுக்குத் தெரியும். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டுகிறான். இரு கையாலும் அவள் கொடுக்க, பிடிவிட்ட முக்காடு நழுவித் தோளில் விழுகிறது. மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது.

"என்னா அண்ணி இது! யாருக்கு வேண்டிகிட்டீங்க?"

உள்ளே, லாரியில் அடிபட்டுப் பிழைத்த அவன் மகன் நவீன்குமாரின் ஊன்றுகோல் தரையில் மெல்ல மெல்லத் தட்டுகிறது. நாகம்மா அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நடக்கறானா, தம்பி?"

சிவராஜ் லட்டை நெஞ்சோடு அணைத்தபடி, வாசலை விட்டு ஒதுங்கி வழிவிடுகிறான்.