வேகாத பல்சக்கரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. கோமதியம்மா அடுத்த வீடுதான், சத்தமாச் சொன்னா காதுல விழுந்துரும்.

அவ மருமக செல்வமாரி, புதியம்புத்தூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைக்கிறவ. நிறைமாசம். கால் ரெண்டும் பூசணிக்காயா வீங்கிக் கிடக்கு. ஆனாலும் மிஷினை விட்டு எந்திரிக்க மாட்டா.

மிஷினுக்குள்ள வெள்ளையா ஒரு பல்சக்கரம். அது அடிக்கடி உடைஞ்சு போகும். உடைஞ்ச அன்னைக்கெல்லாம் கோமதியம்மா தெருவைக் கூட்டிருவா.

"பாத்தீகளா, மறுபடியும் முறிச்சுட்டா! படுத்துக் கிடக்க ஒரு சாக்கு!"

தெருவே காறித் துப்பும். மாமியாரைத்தான்.

அன்னைக்கு மத்தியானம் எதிர்வீட்டு வெயிலுகந்தம்மாள் உறைமோர் வாங்க வந்தா. அடுப்புல இட்லிக் கொப்பரை கொதிக்குது.

"என்னட்டி வேகுது? முட்டையா?"

"மிஷினுக்கு வாங்குன புதுச் சக்கரம், பெரியம்மா."

"சக்கரமா!"

"நைலானாம். எண்ணெய் கேக்காது, துருப்பிடிக்காது, சத்தமும் போடாது. ஆனா நம்ம கரிசக்காட்டு வெயிலுக்கு ஈரம் வத்துனா நொறுங்கிருமாம். கொதிதண்ணியில போட்டு வச்சா, தண்ணியைக் குடிச்சுக் கெட்டிப்படும்னு மெக்கானிக் பாண்டிராஜ் அண்ணாச்சி சொன்னாக."

"வெந்துருச்சான்னு எப்படிட்டி பாப்ப? கரண்டியால நசுக்கியா?"

"ஐயையோ, அதைக் கேக்க மறந்துட்டேனே!"

சிரிச்ச சிரிப்புல செல்வமாரிக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டுது. "வேகட்டும், செத்த நேரம் சாயுதேன்"னு உள்ள போனா.

வெயிலுகந்தம்மாள் மோர்க் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தப்போ அடுப்படியில ஆளில்லை. கொல்லையில தொம்மு தொம்முன்னு சத்தம்.

எட்டிப் பாத்தா, கோமதியம்மா! வெந்த சக்கரத்தைத் துவைக்கல்லுல வச்சு, அம்மிக் குழவியால போடுதா. சக்கரம் உடையலை. துள்ளிப் போய்க் கோழி முதுகுல விழுந்துச்சு. கோழி கத்திக்கிட்டே வேலி தாண்டிருச்சு.

"அடிப் பாதகத்தி! இம்புட்டு நாளும் உடைச்சது நீதானா?"

கோமதியம்மா பாய்ஞ்சு வந்து அவ வாயைப் பொத்தினா.

"கத்தாத மதினி! டாக்டரம்மா படுன்னாக. நான் படுன்னேன். கேக்காளா? மிஷின் நின்னாத்தான் முதுகைச் சாய்க்கா. இன்னைக்கு இது வெந்ததும் எருமைத்தோலால்லா ஆயிட்டு!"

"பின்ன எதுக்கு அவளைத் தெருவுல நின்னு ஏசுத?"

"ஏசலைன்னா என் மேல சந்தேகம் வந்துராதா?"

வெயிலுகந்தம்மாள் குழவியை வாங்கித் தானும் ரெண்டு போடு போட்டுப் பாத்தா. ம்ஹூம்.

உள்ளயிருந்து குரல் வந்துது. "அத்தை, சக்கரம் வெந்துட்டா? மாட்டிட்டு உக்காருதேன்."

கோமதியம்மா ஓடிப் போய்ச் சக்கரத்தைக் கொப்பரையில போட்டு மூடினா.

"இன்னும் வேகலைத்தா! பிள்ளை பிறக்கதுக்குள்ள வெந்துரும். நீ படு."

சொல்லிக்கிட்டே அடுப்பை அணைச்சுட்டா.