பூவைச் சுற்றிய பாதை

மரங்களால் ஏறிவர முடியாத உயரத்தில், ஒற்றையடிப் பாதையின் ஓரமாக ஒரு நீலப்பூச் செடியும் பாசியும் புல்லும் நெருங்கி வாழ்ந்தன. ஒன்றையொன்று பற்றியிருந்ததால்தான் மலைக்காற்றால் அவற்றைப் பிடுங்க முடியவில்லை.

மழையில் பாதை சேறானது. மலையேற வந்தவர்கள் காலணி அழுக்காகாமல் ஓரத்தில் நடந்தார்கள்.

"ஐயோ, பூ! மிதித்துவிடாதீர்கள்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் பூவைக் கவனமாகச் சுற்றிக்கொண்டு, பாசியின்மேலும் புல்லின்மேலும் நடந்தார்கள்.

"பார்த்தாயா பாசியக்கா, எனக்கு எவ்வளவு மரியாதை!" என்று பூரித்தது செடி.

"உனக்கென்னம்மா, மகாராணி! முறிவது என் முதுகல்லவா?" என்று முனகியது பாசி.

அதன்பின் வந்தவர்கள் அனைவரும் அவ்வாறே சுற்றி நடந்தார்கள். கோடை முடிவதற்குள் முனகல் நின்றுபோனது. செடி அதைக் கவனிக்கவில்லை.

பிறகு காற்று வலுத்தது. தன் வேர் ஆடுவதை உணர்ந்த செடி, "அக்கா, என்னைப் பிடித்துக்கொள்!" என்று அலறியது.

"இதோ, பக்கத்தில்தானே இருக்கிறேன்," என்றது பாசியின் குரல்.

செடி திரும்பிப் பார்த்தது. பாசியும் இல்லை, புல்லும் இல்லை. நாற்புறமும் வெறும் மண்ணாய்ப் பாதை விரிந்து கிடந்தது. அதுதான் பாசியின் குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"புல்லும் என்னோடுதான் இருக்கிறாள். பயப்படாமல் வேரின் பிடியை விட்டு நீயும் வந்துவிடம்மா."