மின்மினி வைக்க ஒரு பொந்து

பனைமரத்தில் கூடு நெய்துகொண்டிருந்த ஆண் தூக்கணாங்குருவிக்கு ஒரே கவலை. சாயங்காலம் பெண்குருவி கூடு பார்க்க வருகிறது. பிடிக்காவிட்டால் வேறு கூட்டுக்குப் போய்விடும். வெளிச்சத்துக்காகப் பிடித்து வைத்த மின்மினிகளோ கூட்டுச் சுவரில் அப்பிய ஈரமண்ணில் ஒட்டாமல் நழுவிக்கொண்டேயிருந்தன.

அன்றுதான் எதிரே பட்டுப்போன தென்னையில் இருந்த மரங்கொத்தி தன் புது சேவையைத் தொடங்கியது.

"நீ நெய்யுற வேலையை மட்டும் பாரு தம்பி. மின்மினியெல்லாம் என் பொந்துல இருக்கட்டும். தீனி போட்டு நானே பார்த்துக்கிறேன். கூப்பிட்டா உன் கூட்டுல வந்து மின்னும்."

"அப்போ அது யாரோட மின்மினிண்ணே?"

"உன்னோடதுதான். இருக்கிறது என்கிட்ட."

குருவிக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் கொடுத்துவிட்டது. மரத்திலிருந்த மற்ற ஆண்குருவிகளும் கொடுத்தன.

பொழுது சாய்ந்ததும் பெண்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. ஆண்குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிட்டன. யாருக்கு முதலில் அனுப்புவது, எது யாருடையது என்று புரியாமல் மரங்கொத்தி பொந்து வாசலில் விழித்தது.

அவற்றில் ஒரு பெண்குருவி நம் குருவியின் இருண்ட கூட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தது. பிறகு எதிர்மரத்தைப் பார்த்தது.

"அங்க யாருங்க குடியிருக்காங்க? கல்யாண வீடு மாதிரி ஜொலிக்குதே!"

"ஐயோ, அது என் வெளிச்சந்தாங்க!"

"அப்படியா? அப்போ நீங்க ஏன் இங்க தொங்கிட்டிருக்கீங்க?"

ஆண்குருவி கூட்டைப் பார்த்தது, பொந்தைப் பார்த்தது. அதற்குள் பெண்குருவி பொந்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.