கமிஷன் இல்லாமல்

“பட்டு யாருக்குவே?” என்று கேட்டார் பாளையங்கோட்டைத் துணிக்கடை அருமைநாயகம்.

“கட்டிக்கப்போற பொண்ணுக்கு, அண்ணாச்சி. ஏறக்குறைய உங்க நிறம்.”

அவரே தேடி, மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஜெபசிங் அந்த ஊர் பேங்கின் கிரெடிட் கார்டை நீட்டினான். அதைத் தேய்க்கும் மிஷின் கடைக்கு அப்போதுதான் வந்திருந்தது.

“இதைத் தேய்ச்சா, டாலரை ரூபாயாக்க உம்ம பேங்குக்காரன் கமிஷன் பிடிப்பாம்லா?” தன் பணமே போவதுபோல் பதறினார் அருமைநாயகம். “எம் மவ டார்லின் சிங்கப்பூர்லதான் நர்ஸா இருக்கா. அங்க போய் அவகிட்ட டாலராவே குடுத்திரும். சேலையை இப்பமே எடுத்துக்கிடும்.”

“முன்னப்பின்ன தெரியாத என்னை நம்பியா?”

“முகத்தைப் பாத்தாலே தெரியுதே, நல்ல பையன்னு!”

ஜெபசிங் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்: “அப்போ டாலரோட இந்தச் சேலையையும் டார்லின்கிட்டயே குடுத்திரட்டுமா, மாமா?”

வந்த வரனையெல்லாம் மகள் ஏன் தட்டிக்கழித்தாள் என்பது அருமைநாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பொங்கி வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

“மாப்பிள்ளைன்னு தள்ளுபடியெல்லாம் கேக்கக் கூடாது, இப்பமே சொல்லிட்டேன்!”